பெற்றோர் கையெழுத்து இல்லாத விண்ணப்பம்

அமெரிக்காவில் கூட்டரசின் கல்வி உதவி வேண்டும் மாணவர் ஆண்டுதோறும் நிரப்ப வேண்டிய படிவத்துக்கு ஃபாஃப்சா என்று பெயர். அப்பாவின் சம்பளம் என்ன, அம்மாவின் வருமானம் என்ன, வரி எவ்வளவு கட்டினார்கள் என்று குடும்பத்தையே அது துருவிக் கேட்கும். 24 வயதுக்குக் கீழ்ப்பட்ட, மணமாகாத மாணவர் என்றால் பெரும்பாலும் பெற்றோரின் வருமானத்தை வைத்துத்தான் உதவி முடிவாகும். அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. 13 வயதுக்குப் பிறகு எப்போதாவது வளர்ப்புப் பராமரிப்பில், அதாவது ஃபாஸ்டர் கேரில், இருந்ததுண்டா? நீதிமன்றத்தின் பொறுப்பில் இருந்ததுண்டா? தாய் தந்தை இருவரையும் இழந்தவரா? 'ஆம்' என்று குறித்தால் பெற்றோரின் வருமானம் கணக்கில் வராது.

இந்த வயது வரம்பு 2007-ல் வந்த சட்டத்தின் வேலை. அதற்கு முன் 18 வயது வரை நீதிமன்றப் பொறுப்பிலேயே இருந்தவருக்குத்தான் இந்தச் சலுகை. 15 வயதில் ஒரு குடும்பம் தத்தெடுத்துக்கொண்டால், புதுப் பெற்றோரின் வருமானம் கணக்கில் ஏறி உதவி குறைந்துவிடும். பிள்ளைக்கு வீடு கிடைத்ததே கல்லூரிக்கு இடைஞ்சலாக முடிந்தது. கெட்ட எண்ணத்தில் எழுதப்பட்ட விதி அல்ல அது. குடும்பம் என்று ஒன்று எப்போதும் பின்னால் நிற்கும் என்ற நினைப்பில் எழுதப்பட்டது. அமெரிக்கக் கல்லூரி அமைப்பு முழுவதுமே இந்த நினைப்பின் மேல்தான் நிற்கிறது. வளர்ப்புப் பராமரிப்பில் வளர்ந்தவர்களுக்காக நாற்பது ஆண்டுகளாக நடந்துவரும் சட்டத் திருத்தங்கள், நிதி உதவிகள், வளாகத் திட்டங்கள், இன்டர்ன்ஷிப்புகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், அந்த நினைப்பு எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்பதை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்த வரலாறாகவே தெரிகிறது.

பெற்றோரின் புறக்கணிப்பு, போதைப் பழக்கம், வன்முறை போன்ற காரணங்களால் வீட்டிலிருந்து அகற்றப்பட்டு, அரசின் பொறுப்பில் வேறு குடும்பங்களிலோ உறவினரிடமோ காப்பகங்களிலோ வளரும் பிள்ளைகள் 2023 செப்டம்பர் இறுதியில் சுமார் 3,43,000 பேர். பலர் சில மாதங்களில் வீடு திரும்புகிறார்கள், சிலர் தத்துப் போகிறார்கள். இரண்டும் நடக்காமல், வயது கடந்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக வெளியே வருபவர்கள் அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்கு 15,000 முதல் 20,000 பேர்.

இவர்கள் என்ன ஆகிறார்கள் என்பதைப் பொறுமையாகப் பின்தொடர்ந்த ஆய்வுகளில் முதன்மையானது மத்திய மேற்கு ஆய்வு. மார்க் கோர்ட்னி தலைமையில் சிகாகோவின் சேப்பின் ஹால் நிறுவனம் இலினாய், அயோவா, விஸ்கான்சின் மாநிலங்களில் 732 பேரை 17 வயதிலிருந்து 26 வயது வரை திரும்பத் திரும்பச் சந்தித்தது. 26 வயதில் இரண்டாண்டு அல்லது நான்காண்டுப் பட்டம் வைத்திருந்தவர்கள் 8 சதவீதம். அதே வயதுப் பொது மக்களில் அது 46 சதவீதம். 2005-ல் கேசி என்ற குழந்தைகள் நல அமைப்பு வெளியிட்ட வடமேற்கு ஆய்வு மனநிலையையும் அளந்தது. பேட்டி கண்ட 479 பேரில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு பேட்டிக்கு முந்தைய ஓராண்டில் இருந்தது. படிக்க ஆசையில்லாததால் பட்டம் குறைகிறது என்று நினைத்தால் தவறு. கேட்டால் பெரும்பாலோர் கல்லூரிக்குப் போக வேண்டும் என்றுதான் சொல்கிறார்கள். கணிசமானோர் சேரவும் செய்கிறார்கள். சேர்ந்தபின் நடுவில்தான் உதிர்கிறார்கள்.

சட்டங்களை விரைவாகச் சொல்லிவிடலாம். 1980களின் நடுவில் 'சுதந்திர வாழ்க்கை'ப் பயிற்சிக்கு முதன்முறையாகக் கூட்டரசுப் பணம் வந்தது. 1999-ல் அது விரிவாகி, அந்த ஆண்டு மறைந்த ரோட் ஐலண்ட் செனட்டர் ஜான் சேஃபியின் பெயரைப் பெற்றது. ஒதுக்கீடு ஆண்டுக்கு 14 கோடி டாலர். அதனுடன் கல்வி, பயிற்சிக்கான உதவிச் சீட்டு, ஆண்டுக்கு அதிகபட்சம் 5,000 டாலர், சில ஆண்டுகளுக்குள் சேர்ந்தது. 2008 சட்டம், விரும்பும் மாநிலங்கள் 21 வயது வரை பராமரிப்பை நீட்டிக்கலாம், செலவில் கூட்டரசு பங்கு தரும் என்றது. 2010-ன் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் இவர்களுக்கு 26 வயது வரை, ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டைத் திறந்தது. மற்ற பிள்ளைகள் பெற்றோரின் காப்பீட்டில் 26 வரை இருக்கலாம் என்றால், அரசே பெற்றோராக இருந்த பிள்ளைக்கும் அதே உரிமை வேண்டாமா என்ற நேர்மையான தர்க்கம். இந்தப் பட்டியலில் எனக்கு மிகப் பிடித்த வரி அதுதான். 2018-ல் உதவிச் சீட்டின் வயது வரம்பும் 26 ஆனது.

மாநிலங்கள் பிடித்துக்கொண்ட வழி வேறு: கட்டண விலக்கு. டெக்சஸ் 1993-லேயே கொண்டுவந்தது. இன்று பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. சட்டமன்றத்தில் கைதட்டு வாங்க இதைவிட எளிதான மசோதா இல்லை. ஆனால் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்க வேண்டும். கலிஃபோர்னியா சமுதாயக் கல்லூரிகளில் ஒரு யூனிட்டுக்குக் கட்டணம் 46 டாலர். 15 யூனிட் எடுக்கும் முழுநேர மாணவருக்கு ஒரு பருவத்துக்கு 690 டாலர். ஏழை மாணவருக்கு அதுவும் ஏற்கெனவே தள்ளுபடி. லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு மாத அறை வாடகை அதைத் தாண்டிவிடும். ஏழை மாணவருக்குக் கூட்டரசு தரும், அதிகபட்சம் 7,395 டாலர் வரை கிடைக்கும் பெல் மானியத்தை முதலில் கட்டணத்தில் கழித்துவிட்டு, மீதிக்கு மட்டும் விலக்கு என்று மாநிலம் விதி வைத்தால், மலிவான கல்லூரியில் படிப்பவருக்கு அந்த விலக்கால் ஒரு டாலர்கூடக் கைக்கு வராது. விலக்கை முதலில் கொடுத்தால் பெல் பணம் வாடகைக்கு மிஞ்சும். எது முன், எது பின் என்பதில்தான் திட்டத்தின் உயிர் இருக்கிறது. 2023-ல் கலிஃபோர்னியா இன்னும் ஒரு படி போய், மற்ற உதவிகள் போக மீதமிருக்கும் படிப்புச் செலவு முழுவதையும், வாடகை, சாப்பாடு உட்பட, ஈடுகட்டச் சட்டம் செய்தது. அடுத்த சில ஆண்டுகளில் கவனித்துப் பார்க்க வேண்டிய சோதனை அதுதான்.

கட்டணத்தைத் தாண்டிய இந்தத் தேவைகளை வளாகங்கள் முன்பே உணர்ந்திருந்தன. 1998-ல் ஃபுல்லர்ட்டனில் உள்ள கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் 'கார்டியன் ஸ்காலர்ஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. உதவித்தொகையோடு, ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் தங்குமிடம், பெயர் சொல்லி அழைக்கும் ஓர் ஆலோசகர், உட்காரப் பேச ஓர் அறை. இந்த மாதிரி பிறகு பல வளாகங்களுக்குப் பரவியது. 2008-ல் வெஸ்டர்ன் மிச்சிகன் பல்கலைக்கழகம், தானும் பராமரிப்பில் வளர்ந்து அங்கேயே படித்துப் பேராசிரியரான ஜான் சைட்டாவின் பெயரில் ஒரு திட்டம் வைத்தது. இந்த வளாகங்கள் கண்டுபிடித்த முதல் பிரச்சினை படிப்பே அல்ல, விடுமுறை. நன்றி நவிலல் நாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் கோடைக்கும் விடுதிகள் மூடும். எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள் என்பது நிர்வாகத்தின் எண்ணம். வீடு இல்லாதவர் நண்பரின் சோபாவிலோ காருக்குள்ளோ அந்த வாரங்களைக் கழித்தார். விடுமுறையிலும் திறந்திருக்கும் விடுதிகளில் இவர்களுக்கு முன்னுரிமை என்று கலிஃபோர்னியா சட்டமே போட வேண்டியிருந்தது. நியூயார்க் நகரம் 2022-ல் தொடங்கிய திட்டத்தில் கட்டணம், விடுதி, சாப்பாட்டுச் செலவோடு நாளொன்றுக்கு 60 டாலர் கைச்செலவும் தருகிறது. ஊருக்குப் போய்வந்த மாணவர்கள் அம்மா கொடுத்தனுப்பிய பணத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஆனால் அந்தப் பணம் இருக்கிறது என்பதை நகர நிர்வாகம் கண்டுகொண்டுவிட்டது.

சின்னச் சின்னக் காரியங்களும் உண்டு. 1981-ல் தொடங்கி, இன்று 'ஃபாஸ்டர் கேர் டு சக்ஸஸ்' என்று வழங்கும் அமைப்பு, நாடெங்கும் தன்னார்வலர்கள் பின்னிய சிவப்புக் கழுத்துத் துண்டுகளைக் காதலர் தினத்தையொட்டி மாணவர்களுக்கு அஞ்சலில் அனுப்பியது. கேலி செய்யத் தோன்றும். விடுதியில் எல்லார் பெயருக்கும் பார்சல் வரும்போது ஒருவர் பெயருக்கு மட்டும் நான்கு ஆண்டும் எதுவும் வராமல் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்தவர்கள் கேலி செய்யமாட்டார்கள்.

கிடைத்த உதவியைத் தக்கவைப்பதும் எளிதல்ல. கூட்டரசு உதவி தொடர வேண்டுமானால் எடுத்த பாடங்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு முடித்திருக்க வேண்டும், சராசரி மதிப்பெண் 'சி' அளவிலாவது நிற்க வேண்டும். முதல் பருவத்திலேயே வீடு மாறி, வேலை போய், இரண்டு பாடம் கைவிட்டால் அடுத்த ஆண்டே பெல் மானியம் ஆபத்தில். எல்லா மாணவருக்கும் பொதுவான விதிதான். சறுக்கிய ஒரு பருவத்துக்கு அப்பா பணம் கட்டிவிடுவார் என்பவருக்கு அது எச்சரிக்கை, அப்படி யாரும் இல்லாதவருக்கு அதோடு படிப்பு முடிந்தது.

பாட்டி வீட்டில் வளர்ந்தவர்களின் நிலை இன்னும் சிக்கல். குழந்தைகள் நலத் துறை நீதிமன்றத்துக்குப் போகாமலே, பிள்ளையைப் பாட்டியிடமோ அத்தையிடமோ விட்டுவிடச் சொல்லிக் கோப்பை மூடும் வழக்கம் பரவலாக உண்டு. சட்டப் பேராசிரியர்கள் இதை 'மறைவான வளர்ப்புப் பராமரிப்பு' என்கிறார்கள். வாழ்ந்த வாழ்க்கை ஒன்றுதான், ஆனால் தாளில் நிரூபணம் கிடையாது. கட்டண விலக்கு, உதவிச் சீட்டு, வளாகத் திட்டம் எல்லாம் நீதிமன்ற உத்தரவைக் கேட்கும்.

இன்டர்ன்ஷிப்புக்கு வருவோம். அமெரிக்காவில் நல்ல முதல் வேலைக்கான வாசல் பெரும்பாலும் கோடைகால இன்டர்ன்ஷிப்தான். அந்த வாசலில் நிற்பவர் யார் என்று கேட்டால், நம் ஊர் வாசகருக்கு விளக்கமே தேவையில்லை: மாமாவின் நண்பர், அப்பாவின் பழைய சக ஊழியர், அண்ணியின் மேலாளர். சிபாரிசு ஒரு பக்கம். இன்னொரு பக்கம் பணம். வாஷிங்டனிலோ நியூயார்க்கிலோ பத்து வாரம் சம்பளமில்லாமல் வேலை பார்ப்பது என்றால், அந்தப் பத்து வார வாடகையை யாரோ கட்டுகிறார்கள் என்று பொருள். சம்பளமில்லா இன்டர்ன்ஷிப் என்பது நிறுவனத்துக்குப் பெற்றோர் தரும் மானியம். பெற்றோர் இல்லாதவரால் அந்த மானியத்தைத் தர முடியாது. பலன்களும் ஒன்றல்ல: கல்லூரிகள், வேலையளிப்போர் சங்கத்தின் கணக்கெடுப்புகள் ஆண்டுக்கு ஆண்டு காட்டுவது, சம்பளத்தோடு இன்டர்ன்ஷிப் செய்தவர்களுக்குத்தான் வேலை அழைப்பு அதிகம்.

2015-ல் இரண்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், 'பிளாக் ஸ்வான்' படப்பிடிப்பில் வேலை பார்த்த சம்பளமில்லா இன்டர்ன்கள் தொடுத்த வழக்கில், முதன்மைப் பயன் யாருக்கு, இன்டர்னுக்கா நிறுவனத்துக்கா என்று பார்த்துத்தான் கூலி உரிமையை முடிவு செய்ய வேண்டும் என்றது. தொழிலாளர் துறையும் 2018-ல் அந்த அளவுகோலையே ஏற்றது. நிறுவனங்களுக்கு அது ஆறுதல் என்றே சொல்ல வேண்டும். மாற்றம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. இன்டர்ன்களுக்குச் சம்பளம் கேட்டு இளைஞர்கள் நடத்திய இயக்கத்தின் அழுத்தத்தால், 2018-ல் காங்கிரஸ் தன் அலுவலக இன்டர்ன்களுக்கென்று பணம் ஒதுக்கியது: பிரதிநிதிகள் சபைக்கு 88 லட்சம் டாலர், செனட்டுக்கு 50 லட்சம். வெள்ளை மாளிகை தன் இன்டர்ன்களுக்குச் சம்பளம் கொடுக்கத் தொடங்கியது 2022 இலையுதிர் காலத்தில்தான். சட்டம் இயற்றும் கட்டடத்திலேயே அதுவரை வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளின் இலவச உழைப்புதான் பெரும்பாலும் ஓடிக்கொண்டிருந்தது.

அதற்கு முன்பே, 2003 முதல், காங்கிரஸ் உறுப்பினர்களின் தத்தெடுப்புக் கூட்டணியோடு இணைந்த நிறுவனம் ஒன்று பராமரிப்பில் வளர்ந்த கல்லூரி மாணவர்களை ஒவ்வொரு கோடையிலும் கேப்பிட்டல் ஹில் அலுவலகங்களில் அமர்த்திவருகிறது. தங்குமிடமும் உதவித்தொகையும் தருகிறது. காலையில் கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறவர்கள் கோடை முடிவில் ஒரு கொள்கை அறிக்கை எழுதி உறுப்பினர்கள் முன் வைக்கிறார்கள். தனக்கு நேர்ந்ததைச் சட்ட வாசகமாக மாற்றுகிற அரிய வாய்ப்பு. ஒரு நாள் மட்டும் தங்கள் தொகுதி உறுப்பினரோடு நடந்து பார்க்கும் திட்டமும் அப்போதைய பிரதிநிதிகள் சபை உறுப்பினர் கேரன் பாஸின் முயற்சியில் வந்தது. பராமரிப்பில் வளர்ந்தவர்கள் எடுத்துச் சொன்ன குறைகள் சில சட்டமாகியுள்ளன. 1974-ன் கல்வித் தனியுரிமைச் சட்டப்படி பள்ளிப் பதிவேட்டைப் பெறப் பெற்றோரின் அனுமதியோ நீதிமன்ற உத்தரவோ வேண்டும். பிள்ளை ஐந்தாவது பள்ளிக்கு மாறும்போது அனுமதி தர வேண்டிய அம்மா எங்கே இருக்கிறார் என்றே தெரியாது. படித்த பாடங்களின் கணக்கு தொலைந்து, அதே வகுப்பை மீண்டும் எடுக்க வேண்டி வந்தது. 2013 ஜனவரியில் வந்த திருத்தம் குழந்தைகள் நலத் துறைக்கு அந்தப் பதிவேட்டைத் திறந்தது.

ஆனால் இந்த வகை இன்டர்ன்ஷிப்பில் எனக்கு ஓர் உறுத்தல் உண்டு. நேர்காணலிலும் விருந்திலும் மேடையிலும், நாட்டின் மிகச் சக்தி வாய்ந்தவர்கள் முன்னால் தன் குழந்தைப் பருவத்தை மீண்டும் மீண்டும் சொல்ல வேண்டியிருக்கிறது. மற்ற இன்டர்னிடம் எக்செல் தெரியுமா என்று கேட்கிறார்கள், இவரிடம் அம்மாவைப் பற்றிக் கேட்கிறார்கள். ஒரு கோடையில் இடம் பெறுபவர்களும் சிலரே. தேர்வாகிறவர்கள் எப்படியும் கரையேறியிருக்கக்கூடிய திறமைசாலிகள். மீதி ஆயிரக்கணக்கானோருக்குக் கேப்பிட்டல் ஹில் எட்டாது. அவர்களுக்குத் தேவை உள்ளூர் மருத்துவமனையிலோ கணக்கர் அலுவலகத்திலோ வாரச் சம்பளத்தோடு ஓர் இடம்.

அதற்கான சட்ட வழி இருக்கிறது. 2014-ன் தொழிலாளர் வாய்ப்புச் சட்டம், இளைஞர் நிதியில் குறைந்தது 20 சதவீதத்தை வேலை அனுபவத்துக்குச் செலவிடச் சொல்கிறது. இன்டர்ன்ஷிப்பும் அதில் அடக்கம். பராமரிப்பில் வளர்ந்தவர்கள் தகுதியுள்ளோர் பட்டியலில் பெயரோடு இருக்கிறார்கள். 21 வயது வரை நீட்டித்த பராமரிப்பில் இருப்பதற்கான நிபந்தனைகளில் ஒன்று, மாதம் 80 மணி நேரமாவது வேலை. சம்பளத்தோடு கோடை இன்டர்ன்ஷிப் அமைந்தால் இரண்டும் பொருந்தும்.

அமைந்தாலும் முதல் நாளிலேயே ஒரு சுவர். வேலையில் சேர அடையாளத் தாள்கள் வேண்டும். நமக்கு அவை வீட்டு அலமாரியில் இருக்கும். எட்டு வீடு மாறியவரின் பிறப்புச் சான்றிதழ் எந்த அலமாரியில்? வயது கடந்து வெளியேறும் ஒவ்வொருவருக்கும் பிறப்புச் சான்றிதழ், சமூகப் பாதுகாப்பு அட்டை, அடையாள அட்டை, மருத்துவப் பதிவுகள் ஆகியவற்றைக் கையில் கொடுத்தாக வேண்டும் என்று 2014-ல் ஒரு சட்டமே சொல்ல வேண்டியிருந்தது. பிள்ளையின் எண்ணை வைத்து உறவினர் யாரோ கடன் வாங்கிவிட்டிருப்பார்கள், வாடகை வீடு கேட்கும்போதுதான் அது தெரியவரும் என்பதால், பதின்வயதிலேயே ஆண்டுதோறும் கடன் அறிக்கையைச் சரிபார்க்கும் கடமை மாநிலங்களுக்கு வந்தது. ஓட்டுநர் உரிமம் இன்னொரு முடிச்சு. பேருந்து இல்லாத ஊரில் இன்டர்ன்ஷிப்புக்குக் காரில்தான் போக வேண்டும். பதினேழு வயதுப் பிள்ளையின் விண்ணப்பத்தில் பொறுப்பேற்றுக் கையெழுத்திட, காப்பீடு எடுக்க யார் முன்வருவார்? ஃப்ளோரிடா 2014-ல் உரிமச் செலவையும் காப்பீட்டையும் ஏற்கும் திட்டம் வைத்தது. எனக்குத் தெரிந்தவரை, உதவித்தொகை மேடைகளில் யாரும் பேசாத, ஆனால் பலரின் முதல் வேலையைத் தீர்மானிக்கிற விஷயங்கள் இவைதான்.

எது பலன் தருகிறது என்று முறையாகச் சோதித்தவை குறைவு, முடிவுகளும் பலருக்கு இனிக்கவில்லை. கூட்டரசு ஏற்பாட்டில் அர்பன் இன்ஸ்டிட்யூட் நான்கு திட்டங்களைக் குலுக்கல் முறையில் சோதித்தது. லாஸ் ஏஞ்சலிஸில் ஐந்து வாரம் பட்ஜெட் போடவும் வேலைக்கு விண்ணப்பிக்கவும் வகுப்பெடுத்த திட்டம் எந்த வித்தியாசத்தையும் உண்டாக்கவில்லை. வீட்டுக்கு வந்து டியூஷன் எடுத்ததும் அப்படியே. கெர்ன் கவுன்டியின் வேலைவாய்ப்பு உதவியும் அப்படியே. மாசசூசெட்ஸில் ஓர் அலுவலர் ஓர் இளைஞரைத் தொடர்ந்து நேரில் சந்தித்துப் பழகிய திட்டம் மட்டும் கல்லூரிச் சேர்க்கையை உயர்த்தியது. அங்கும் பெரிய காரணம், அந்த இளைஞர்கள் 18-க்குப் பிறகும் பராமரிப்பில் தங்கியதுதான். டென்னசியில் 1,300-க்கு மேற்பட்டோரை வைத்து நடந்த, யூத் வில்லேஜஸ் என்ற அமைப்பின் திட்டத்தைப் பற்றிய சோதனையில், ஆலோசகர் வாரந்தோறும் சந்தித்ததால் முதல் ஆண்டில் வருமானம் 17 சதவீதம் கூடியது, வீடற்றுத் திரிவது குறைந்தது. படிப்பில் மாற்றம் இல்லை.

பராமரிப்பில் நீடிப்பதன் பலனைக் கோர்ட்னியும் நேதனியல் ஆக்பிச்சும் கலிஃபோர்னியாவில் அளந்தார்கள்: நீட்டித்த பராமரிப்பில் ஒவ்வோர் ஆண்டும் கூடுதலாக இருந்தால் கல்லூரியில் சேரும் வாய்ப்பு சுமார் 10 முதல் 11 சதவீதப் புள்ளிகள் உயர்கிறது. சேர்வதில் இவ்வளவு தெளிவாகத் தெரியும் பலன், பட்டம் பெறுவதில் அதே தெளிவோடு தெரிவதில்லை. 21 வயதில் பராமரிப்பு முடிகிறது. சமுதாயக் கல்லூரியிலிருந்து பல்கலைக்கழகம் மாறி, வேலையோடு படிப்பவருக்கு அப்போது இரண்டாம் ஆண்டுகூட முடிந்திருக்காது. இங்கேதான் கொள்கை தன் கணக்கைத் திருத்த வேண்டும் என்பது என் எண்ணம். 18-லிருந்து 21-க்கு நகர்ந்த கோடு படிப்பு முடியும் வயதுக்கு இன்னும் நகரவில்லை.

பிரிட்டன் இதில் ஒரு பாடம் தருகிறது. அங்கே அரசுப் பணித் துறையே பராமரிப்பில் வளர்ந்தவர்களுக்கென்று தனி இன்டர்ன்ஷிப் வைத்திருக்கிறது. கோடைக்கால விருந்தாளிகளாக அல்லாமல், முழுச் சம்பளத்தோடு மாதக்கணக்கில் அமைச்சக வேலை. தொழிற்பழகுநராகச் சேர்பவருக்கு 2018 முதல் 1,000 பவுண்ட் கைப்பணம் தந்தார்கள். 2023 ஆகஸ்டில் அதை 3,000 ஆக்கினார்கள்.

அமெரிக்காவில் அந்த மாதிரித் தொகை உயர்வு ஒருமுறை நடந்தது, தற்காலிகமாக. கொரோனா காலத்தில், 2020 டிசம்பரில் வந்த சட்டம் சேஃபி திட்டத்துக்கு 40 கோடி டாலர் கூடுதலாகக் கொடுத்தது. 2021 செப்டம்பர் வரை வயதைக் காரணம் காட்டி யாரையும் பராமரிப்பிலிருந்து வெளியேற்றக் கூடாது என்றது. உதவிச் சீட்டின் உச்சவரம்பை 12,000 டாலராக்கியது. திட்டம் தொடங்கியபோது வைத்த 5,000 டாலரை விலைவாசியோடு சேர்த்து உயர்த்தியிருந்தாலே இன்று ஏறக்குறைய 9,000 வந்திருக்கும்; ஆகவே 12,000 என்பது ஊதாரித்தனமான தொகை ஒன்றும் அல்ல. 2022 செப்டம்பர் 30-ஆம் தேதியோடு அந்த ஏற்பாடு முடிந்தது. மறுநாளிலிருந்து உச்சவரம்பு மீண்டும் 5,000.